தீர்த்தக் கிணறு: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த அங்கத்தவர்களுக்கு,

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் அமைந்துள்ள எமது பிள்ளையார் ஆலயத்தின் இரண்டாம் கட்டத் திருப்பணி நிறைவெய்தி, வைகாசியில் கும்பாபிஷேகமும் தொடர்ந்து மண்டலாபிஷேகமும் இனிதே நடந்தேறின. மடைப்பள்ளிக்குக் கூரை மாற்றியாயிற்று. வசந்த மண்டபத்துக்கு முதிரைக் கதவு பூட்டியாயிற்று. தெற்கு மதிலும் எழுந்துவிட்டது. வரவு செலவு விபரம் ஆலய அலுவலகத்தில் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம். 2022 இல் வேலை ஏன் நின்றது என்று வெளிநாட்டு அங்கத்தவர்கள் கேட்டிருந்தனர். பொருளாதார நெருக்கடியில் சீமெந்து மூடை மூவாயிரம் ரூபாவைத் தாண்டிய வருடம் அது. உழவு இயந்திரங்கள் டீசல் வரிசையில் நிற்கையில் மணல் ஏற்ற யார் வருவார்?

விரிவாக எழுத வேண்டியது தீர்த்தக் கிணற்றைப் பற்றியே. கிணற்றுக் கட்டில் பதித்த கல்லில் இருக்கும் பெயர் யாருடையது, அந்த உபயம் அந்தக் குடும்பத்துக்கு எப்படிப் போனது என்று பலர் கேட்டனர். சிலர் கேட்ட விதம் சபைக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பதில் சொல்வது எமது கடமை. கல்லில் இருப்பது போரில் இறந்த ஓர் இளைஞரின் பெயர். அவருடைய தாயின் விருப்பப்படி அந்தப் பெயரை மட்டும் இங்கு எழுதவில்லை.

அந்த இளைஞரின் பாட்டனார் மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை செய்தவர். தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி காட்ட அவரிடம் ஒரு துண்டுக் கடுதாசியும் இருக்கவில்லை. ஆகவே 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றவர் ஆக்கியது. நாடற்றவர்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு விண்ணப்பித்துவிட்டுப் போகாமலே இருந்தார். 1977 ஆகஸ்ட் இனக் கலவரத்தில் லயத்தை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டை) விட்டு ஓடி, மகனோடும் மருமகளோடும் கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தார். அவரைப் போல வந்தவர்கள் காடு வெட்டிக் குடியேறிய ஊர்கள்தாம் இன்று நகரைச் சுற்றியிருப்பவற்றுள் பல. குளத்து நீர் பாயும் வயல்கள் மற்றவர்களுடையவை. வந்தவர்களுக்குக் கிடைத்தது மேட்டுக்காணியும் கச்சான் தோட்டமும் அருவி வெட்டு (நெல் அறுவடை) கூலியும். எமது ஆலயத்தில் பொங்கலுக்கு விறகு கொண்டுவந்தவர்களும் வாழை கட்டியவர்களும் இவர்களே. ஆனால் உபயப் பட்டியலில் இவர்கள் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை.

பேரன் 1979 இல் இங்கேயே பிறந்தார். கணக்கில் கெட்டிக்காரர் என்று படிப்பித்த ஆசிரியர் சொல்கிறார். அரசின் பொருளாதாரத் தடையில் பற்றரி கிடையாத அந்த நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி, அயலாருக்கு வானொலிச் செய்தி கேட்க வைத்தவர் அவர்தான். மூத்தவர்களுக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

1996 இல் இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தபோது குடும்பம் ஸ்கந்தபுரத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கே மரத்தடிக் கொட்டிலில் கடைசித் தங்கை மலேரியாவில் இறந்தாள். அடுத்த வருடம் மே 13 ஆம் திகதி இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியது. சாதாரண தரப் பரீட்சை எழுதியிருந்த இவர் அந்த வருடமே விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்தார். வீட்டில் சொல்லிவிட்டுப் போகவில்லை. 1998 செப்டெம்பர் இறுதியில் கிளிநொச்சி நகருக்காக நடந்த சண்டையில் வீழ்ந்தபோது வயது 19. இயக்கத்தின் மயானமான விசுவமடுத் துயிலும் இல்லத்தில் விதைத்தார்கள்.

அவர் இறக்கும்போதும் அந்தக் குடும்பம் நாடற்றதாகவே இருந்தது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் தகப்பனார் பிரஜாவுரிமைச் சான்றிதழ் பெற்றார். அவரும் 2009 இல் புதுக்குடியிருப்பில் ஷெல் பட்டு இறந்தார். தாயும் எஞ்சிய மகளும் முள்ளிவாய்க்கால் கடந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, 2010 இல் ஊர் திரும்பினர். துயிலும் இல்லங்கள் அதற்குள் இடித்து நிரவப்பட்டிருந்தன. மகனின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழ் மிஞ்சியது. கடுதாசி இல்லாமல் இரண்டு தலைமுறை பட்ட பாட்டை அறிந்த அந்த அம்மா, நகையை விட்டாலும் அந்தச் சான்றிதழ் இருந்த பொலித்தீன் பையை விடவில்லை.

உபயத்துக்கான பணத்தை ஆடு வளர்த்தும் கச்சான் விற்றும் அவரே சேர்த்தார். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள் மிகுதியைப் போட்டார். ஊரில் சேர்த்துத் தருகிறோம் என்றபோது மறுத்துவிட்டார். பழைய கிணற்றை மீள்குடியேற்றத்தின்போது கண்ணிவெடி அகற்றுவோர் சோதித்துத் தந்திருந்தனர். ஆயினும் உட்கட்டு இடிந்தே கிடந்தது. இப்போது அடியிலிருந்து கட்டி, கால் கழுவும் தொட்டியும் அமைத்திருக்கிறோம்.

கல்லில் என்ன பொறிப்பது என்பதில்தான் சபை கூடிக் கூடிப் பிரிந்தது. இயக்கப் பெயரும் பதவியும் வேண்டும் என்றனர் சிலர். வீண் வில்லங்கம், பெயரே வேண்டாம் என்றனர் வேறு சிலர். இரு பகுதியினரும் தாயிடம் கேட்காமலே பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறோம். கடைசியில் கேட்டபோது அவர் பொலித்தீன் பையைத்தான் எடுத்து வந்தார். அதில் உள்ளபடி போட்டால் போதும் என்றார். ஆகவே சொந்தப் பெயர், பிறந்த திகதி, பெற்றோர் பெயர், பாட்டனார் பெயர் ஆகியன பிறப்புச் சான்றிதழின் எழுத்துப் பிசகாமல் பொறிக்கப்பட்டுள்ளன. வேறெதுவும் சேர்ப்பதற்கில்லை, சேர்க்கச் சொல்லி இனிக் கடிதம் எழுத வேண்டாம்.

கிணற்றில் மோட்டார் பூட்டித் தோட்டத்துக்கு இறைக்க அனுமதி கேட்டவர்களுக்குச் சபை மறுத்துவிட்டது. மணிக்கூட்டுக் கோபுர வேலை அடுத்த சிறுபோக அறுவடைக்குப் பிறகே தொடங்கும். ஆவணிச் சதுர்த்தி உபயம் இவ்வருடம் முதல் இந்தக் குடும்பத்துக்கு உரியது. ஆட்சேபம் உள்ளவர்கள் பொதுக்கூட்டத்துக்கு வந்து, அந்த அம்மாவும் இருக்கும் சபையில் எழுந்து நின்று சொல்லலாம்.

இங்ஙனம்,
திருப்பணிச் சபையினர்