எட்டில் கால் ஊன்றிய மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று லைசென்ஸ் டெஸ்டில் எட்டு போட்டுவிட்டு வந்து, ராத்திரி போனில் "கால் ஊனிட்டேன்பா, ஃபெயில் பண்ணிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் நீ பேசவே இல்லை. நானும் "பரவாயில்லம்மா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று வைத்துவிட்டேன். அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. வண்டி ஓட்டுகிற அப்பன் மகளுக்குச் சொல்ல வேண்டிய பதில் அது இல்லையே என்று பட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எட்டின் எந்த இடத்தில் கால் ஊன்றியிருப்பாய் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. முதல் வட்டம் நன்றாகப் போயிருக்கும். நடுவைத் தாண்டி ஹேண்டிலை மறுபக்கம் திருப்பியதும் வண்டி சாய்கிற மாதிரி இருந்திருக்கும். உன் கண் முன்சக்கரத்தின் மேலோ, தரையில் போட்ட கோட்டின் மேலோ இருந்திருக்கும். சரிதானே? கண் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டியும் போகும். சக்கரத்துக்கு முன்னால் தரையைப் பார்த்தால், அங்கேயே போய் நிற்கும்.

நாளைக் காலையில் காலி மைதானம் எதற்காவது வண்டியைக் கொண்டு போ. முதலில் கிளட்ச் மட்டும். விரல்களை மெதுவாகத் தளர்த்திக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் அமுங்கி, வண்டி உன்னை இழுக்கப் பார்க்கும். விரலை அந்த இடத்திலேயே நிறுத்து. அங்கிருந்து நெல்மணி அளவுதான் முன்னும் பின்னும் போக வேண்டும். ஆக்ஸிலேட்டர் ஒரே அளவில் இருக்கட்டும். பின் பிரேக்கின் மேல் பாதத்தை லேசாக வைத்திரு. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே தொடாதே. அந்த வேகத்தில் வண்டி அப்படியே பொத்தென்று சாய்ந்துவிடும். முழங்கால் இரண்டும் டேங்கை அணைத்தபடி இருக்கட்டும். அப்புறம் தலை. கண்ணை மட்டும் ஓட்டினால் போதாது, தாடை தோளுக்கு நேராக வருகிற வரைக்கும் கழுத்தைத் திருப்பி, அடுத்து நீ போக வேண்டிய இடத்தைப் பார். நூறு தடவை போடு. வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டில் ஒன்று உனக்கு வராது. எல்லாருக்கும் அப்படித்தான். வராத பக்கத்தை இரண்டு மடங்கு போடு.

மெதுவாக ஓட்டுவதுதான் கஷ்டம் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஓரளவு வேகம் வந்துவிட்டால் வண்டி தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். அந்த வேகத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது கைப்பிடியை முன்னால் லேசாகத் தள்ள வேண்டும். கேட்டால் தலைகீழாக இருக்கும், ஆனால் நீ ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய், உனக்கே தெரியாமல். விமானம் செய்த வில்பர் ரைட் தெரியுமில்லையா, அவர் சைக்கிள் கடை வைத்திருந்தவர். எப்படித் திரும்புகிறீர்கள் என்று பல சைக்கிள்காரர்களைக் கேட்டிருக்கிறார். ஒருவர்கூட முதல் தடவையில் முழுதாகச் சரியாகச் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கிறார். கைக்குத் தெரிந்ததை மூளைக்கும் தெரியவைத்துக்கொள். திடீரென்று பள்ளம் எதிரே வரும்போது அதுதான் உதவும்.

பிரேக் பற்றி உனக்குச் சொல்லித்தந்திருப்பார்கள். நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால் முன் பிரேக்தான் பெரும்பாலான வேலையைச் செய்யும். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி போகப் போக இறுக்க வேண்டும், வெடுக்கென்று பிடிக்கக்கூடாது. ஒரு கணக்கு மட்டும் மனதில் வை. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது, கண் பார்த்து கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆனால், அதற்குள்ளேயே கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடியிருப்பாய். பிரேக் பிடிப்பது அதற்கு அப்புறம்தான். 30 கிலோமீட்டரில் பிரேக் பிடித்து நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டுமோ, 60 கிலோமீட்டரில் அதைப் போல நான்கு மடங்கு வேண்டும்.

இனி நான் உன்னிடம் இதுவரை முழுதாகச் சொல்லாத விஷயம். என் தோள்பட்டை எலும்பு ஏன் வளைந்திருக்கிறது என்று சின்ன வயதில் கேட்பாய், "கீழே விழுந்தேன்" என்று மட்டும் சொல்வேன். லைசென்ஸ் வாங்கி மூன்றாவது வாரம் அது. ஒரு சந்திப்பில் எதிரே ஒரு கார் திரும்புவதற்காக நின்றுகொண்டிருந்தது. ஓட்டியவர் என்னை நேருக்கு நேர் பார்த்தார். பார்த்துவிட்டார், நிற்பார் என்று நான் வேகத்தைக் குறைக்கவில்லை. அவர் திருப்பினார். நான் தரையில் கிடக்கும்போது ஓடிவந்து, "உங்களைப் பார்க்கவே இல்லைங்க, சத்தியமாப் பார்க்கவே இல்லை" என்று அழுதார். பொய் சொல்கிறார் என்று பல வருஷம் மனதில் வைத்திருந்தேன்.

அவர் சொன்னது உண்மையாகத்தான் இருந்திருக்கும். நேரே வருகிற மோட்டார் சைக்கிள் ஒல்லியாக, தூரத்தில் அசையாத புள்ளி மாதிரி இருக்கும். கிட்டே வந்த பிறகுதான் சட்டென்று பெரிதாகும். காரின் கண்ணாடி ஓரத் தூணே அதை மறைத்துவிடும். ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளர் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை எழுதினார். இன்னொரு வாகனமும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு, அந்த வாகனம் வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை என்று அதில் இருக்கிறது. எனக்கு நடந்தது எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது, பார்.

அதிலிருந்து நான் ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பதில்லை. காரின் முன்சக்கரத்தைப் பார்ப்பேன். கார் நகர்வது தெரிவதற்கு முன்னால் சக்கரம் சுழல்வது தெரிந்துவிடும். அந்த நேரம் என் இரண்டு விரல் முன் பிரேக் மேல் இருக்கும். எட்டு போடும்போது தலையைத் திருப்பச் சொன்னேனே, அந்தப் பழக்கம் சந்திப்புகளுக்கும் சேர்த்துத்தான்.

லைசென்ஸ் கையில் வந்ததும் பெரிய வண்டி வாங்கப் போவதாக உன் தம்பியிடம் சொன்னாயாம். தடுக்கமாட்டேன். ஆனால் ஐரோப்பாவில் முதலில் 125 சிசி வரை உள்ள வண்டி, அப்புறம் 35 கிலோவாட் வரை சக்தியுள்ள வண்டி, அதை இரண்டு வருஷம் ஓட்டிய பிறகு எந்த வண்டியும் என்று படிப்படியாக உரிமம் தருகிறார்கள். எனக்கு அந்த முறை ரொம்பப் பிடிக்கும். மழை, இரவு, பின்னால் ஆள் என்று ஒவ்வொன்றையும் இப்போதைய வண்டியிலேயே ஒரு வருஷம் பழகிவிட்டு வாங்கேன். எல் போர்டைக் கழற்றினாலும் தூக்கிப் போடாதே, எனக்கு அனுப்பு. நான் வைத்துக்கொள்கிறேன்.

கையுறை ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். விரல் நுனியில் இறுக்கமாக இருந்தால் சொல், கிளட்ச் பிடிக்க வராது, மாற்றி அனுப்புகிறேன். மறுதேர்வு எந்தத் தேதி என்று தெரிந்ததும் சொல்.

அம்மா பக்கத்தில் நின்று இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்கிறாள்: சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டுக் கிளம்பு.

அன்புடன்,
அப்பா