வெங்கட்டும் அஸ்வினும்: அந்த 12 ரன்னைப் பிரித்துப் பார்க்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெவ்வேறு காலத்து டெஸ்ட் வீரர்களை ஒரே அட்டவணையில் போடும்போது, சராசரியைக் கடைசிக் கட்டத்தில் அச்சிட்டு நிறுத்திவிடுகிறீர்கள். மறுநாள் ஜங்ஷன் டீக்கடையிலும் பாளை வ.உ.சி. மைதானத்துப் படிக்கட்டிலும் அந்த ஓர் எண்ணே தீர்ப்பாகிவிடுகிறது. சென்னை தந்த இரண்டு ஆஃப் ஸ்பின்னர்களையே எடுத்துக்கொள்வோம். வெங்கட்ராகவன் 57 டெஸ்ட், 156 விக்கெட், சராசரி 36.11. அஸ்வின் 106 டெஸ்ட், 537 விக்கெட், சராசரி 24.00. ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்தான் இந்தச் சராசரி, குறைந்தால் நல்லது. விக்கெட்டுக்கு 12 ரன் வித்தியாசம். வெங்கட்டை ஒப்பிடவே கூடாது என்பவர்களும், "அந்தக் காலமே வேற, அண்ணாச்சி" என்பவர்களும் அந்த 12 ரன்னை முழுசாகத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். அது முழுசாக யாருக்கும் சொந்தமில்லை. பிரித்துப் பார்க்க ஒரு கால்குலேட்டர் போதும்.

பந்துவீச்சு சராசரிக்குள் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து, ஓவருக்கு எத்தனை ரன். இரண்டையும் பெருக்கி 6-ஆல் வகுத்தால் சராசரி வந்துவிடும். வெங்கட் வீசியது 14,877 பந்துகள்: 95 பந்துக்கு ஒரு விக்கெட், ஓவருக்கு 2.27 ரன். அஸ்வின் 27,246 பந்துகள்: 51 பந்துக்கு ஒரு விக்கெட், ஓவருக்கு 2.83 ரன். ஆக, ரன் கொடுத்ததில் வெங்கட்தான் சிக்கனம். விக்கெட் எடுப்பதில்தான் பின்தங்குகிறார். இந்தச் சிக்கனம் முழுவதையும் வெங்கட் கணக்கில் வரவு வைக்க முடியாது. அன்றைய பேட்ஸ்மேன்கள் டிராவுக்காக மணிக்கணக்கில் கட்டை போட்டார்கள். இன்று இறங்கி அடிக்கிறார்கள், அடிக்கப்போய் அவுட்டும் ஆகிறார்கள். ஆடும் முறை மாறும்போது இரண்டு எண்களும் எதிரெதிர்த் திசையில் நகரும்.

வெங்கட்டுக்காகப் பேசுபவர்கள் முதலில் சொல்வது, பேடி, சந்திரசேகர், பிரசன்னா, வெங்கட் என்ற நால்வர் சுழல் கூட்டணியில் அவருக்குப் பந்து கிடைக்கவில்லை என்பது. கணக்கு அதை ஒப்புக்கொள்ளவில்லை. 14,877-ஐ 57-ஆல் வகுத்தால் டெஸ்டுக்கு 261 பந்து. அஸ்வினுக்கு 257. உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். நால்வரும் சேர்ந்து ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று என்பதையும் மறந்துவிடுகிறோம். அது 1967-ல் பர்மிங்ஹாமில்.

அடுத்த வாதம் டிஆர்எஸ், அதாவது நடுவர் தீர்ப்பை வீடியோவில் மறுபரிசீலிக்கும் முறை. முன்னங்காலை நீட்டி பேடால் தடுத்தால் அன்றைய நடுவர் பெரும்பாலும் கையைத் தூக்க மாட்டார். அந்தப் பந்து ஸ்டம்பில் பட்டிருக்கும் என்பதை டிஆர்எஸ் காட்டிக்கொடுத்தது. இது உண்மைதான். ஆனால் இந்தியா டிஆர்எஸ்ஸை ஏற்று உள்ளூரில் ஆடத் தொடங்கியது 2016 நவம்பரில், இங்கிலாந்து வந்தபோது. அதற்கு முன்பே அஸ்வின் 39 டெஸ்டில் 220 விக்கெட் எடுத்திருந்தார், டெஸ்டுக்கு 5.6. அதற்குப் பிந்தைய 67 டெஸ்டில் 317, டெஸ்டுக்கு 4.7. டிஆர்எஸ்தான் அவரைத் தூக்கிவிட்டது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். நடுவர்களின் பார்வையே உலகம் முழுக்க மாறியிருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

காலத்தின் பங்கு எவ்வளவு என்று அளக்க என் கணக்கில் நல்ல வழி, கூடவே பந்து வீசியவர்களைப் பார்ப்பது. அவர்களுக்கும் ஏறத்தாழ அதே ஆடுகளம், அதே எதிரணி, அதே ஃபீல்டர்கள். பேடி 266 விக்கெட், 28.71. சந்திரசேகர் 242 விக்கெட், 29.74. பிரசன்னா 189 விக்கெட், 30.38. இங்கே பலர் செய்யும் தவறு, மூன்று சராசரிகளைக் கூட்டி மூன்றால் வகுப்பது. அப்படிச் செய்தால் 189 விக்கெட்டுக்கும் 266 விக்கெட்டுக்கும் ஒரே எடை வந்துவிடும். மூவரும் கொடுத்த ரன்களைக் கூட்டி, மூவரின் விக்கெட்டுகளால் வகுக்க வேண்டும், 29.5 வரும். அஸ்வினின் கூட்டாளி ஜடேஜா. அஸ்வின் ஓய்வு பெற்ற 2024 டிசம்பரில் ஜடேஜாவின் சராசரியும் 24-ஐ ஒட்டியே இருந்தது. 29.5-க்கும் 24-க்கும் இடையே உள்ள ஐந்தரை ரன் காலத்தின் பங்கு. மீதி ஆறரை ரன் வெங்கட்டுக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் இடையே உள்ளது. 12 ரன்னில் ஏறக்குறைய பாதி இங்கே, பாதி அங்கே. அஸ்வின் மேலே இருக்கிறார் என்பது மாறவில்லை, தூரம்தான் பாதியாகிறது. காலத்தின் பங்கைக் கழித்துவிட்டுப் பிரசன்னாவுக்கும் அஸ்வினுக்கும் இடையே பார்த்தால் அந்தத் தூரம் கிட்டத்தட்ட இல்லை.

அப்படியானால் அதே ஆஃப் ஸ்பின்னரான பிரசன்னாவை விட்டுவிட்டு வெங்கட்டை ஏன் எடுத்தார்கள்? 1971-ல் வடேகர் தலைமையில் இங்கிலாந்தில் தொடரை வென்றபோது, மூன்று டெஸ்டிலும் ஆடியவர் துணைக் கேப்டன் வெங்கட். பிரசன்னா ஒன்றில்கூட ஆடவில்லை. பேட்டிங்தான் காரணம் என்பார்கள். டெஸ்டில் வெங்கட்டின் பேட்டிங் சராசரி 11.68, பிரசன்னாவுடையது 11.48. பெரிய வித்தியாசம் எங்கே என்றால் கேட்ச்சில்: வெங்கட் 44, பிரசன்னா 18. கல்லியிலும் கிட்டத்திலும் பிடித்த அந்தக் கேட்ச்கள் பேடி, சந்திரா கணக்கில் விக்கெட்டாக ஏறும். வெங்கட்டின் பந்துவீச்சு வரியில் தெரியாது. ஷார்ட் லெக்கில் 27 டெஸ்டில் 53 கேட்ச் பிடித்த சோல்கரை வைத்து ஜெயித்த அணிக்கு இன்னொரு நல்ல கை எவ்வளவு முக்கியம் என்று தேர்வுக்குழுவுக்குத் தெரிந்திருந்தது. அதே வருடம் வெஸ்ட் இண்டீஸில் வெங்கட் 22 விக்கெட் எடுத்திருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1971-ல் எடுத்த முடிவு சரியானது என்பதே என் கருத்து. 1970-களின் நடுவில், உள்ளூர் ஆடுகளங்களுக்கு, பிரசன்னாவே முதல் தேர்வு.

அரை நூற்றாண்டு கழித்து, 2021-லும் 2022-லுமாக இங்கிலாந்தில் நடந்த தொடரின் ஐந்து டெஸ்டிலும் அஸ்வின் வெளியே உட்கார்ந்தார். 2023 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியிலும் அப்படியே. உள்நாட்டில் 65 டெஸ்டில் 383 விக்கெட், 21.57; மற்ற இடங்களில் 154 விக்கெட், சுமார் 30. விட்டுவிட்டதால் அவருடைய சராசரி காப்பாற்றப்பட்டது என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த ஐந்து டெஸ்டில் 30 சராசரியில் 15 விக்கெட் எடுத்திருந்தால் 24.00 என்பது 24.17 ஆகியிருக்கும், அவ்வளவுதான். அவர் இழந்தது விக்கெட் எண்ணிக்கையை.

பேட்டிங்குக்கு ஓர் எச்சரிக்கை. ஆஸ்திரேலியாவின் ஆடம் வோஜஸ் 20 டெஸ்டில் 1,485 ரன், சராசரி 61.87. வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக மட்டும் 542 ரன், ஒரே ஒரு முறை அவுட். அதைக் கழித்தால் 943 ரன், 23 முறை அவுட், சராசரி 41. ஒரே எதிரணியும் மூன்று நாட் அவுட்டும் 20 ரன் ஏற்றிவிட்டன. ஐம்பது இன்னிங்ஸாவது ஆடாதவரை இந்த அட்டவணைகளில் சேர்க்காதீர்கள்.

எந்த அட்டவணையிலும் இடமில்லாதவர்களும் உண்டு. ரஞ்சியில் 637 விக்கெட் எடுத்த ராஜிந்தர் கோயல், பேடியின் காலத்தில் பிறந்ததால் ஒரு டெஸ்டும் ஆடவில்லை. நம் வி.வி. குமார் 1961-ல் டெல்லியில் முதல் டெஸ்டிலேயே பாகிஸ்தானுக்கு எதிராக 64 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். மொத்தம் ஆடியது இரண்டே டெஸ்ட்.

ஆகவே சராசரிக்குப் பக்கத்தில் நான்கு கட்டங்கள் கூடுதலாக வேண்டும்: டெஸ்டுக்கு எத்தனை பந்து, விக்கெட்டுக்கு எத்தனை பந்து, ஓவருக்கு எத்தனை ரன், உள்நாடு வெளிநாடு பிரித்த சராசரி. மாவட்ட லீக் ஸ்கோர் போடும்போது ஆட்டம் நார் விரிப்பிலா (மேட்) புல்தரையிலா என்றும் ஒரு சொல் சேருங்கள். தேங்காய் நார் விரிப்பை இறுக்கி இழுத்து ஆணியடித்தால் பந்து வேகமாக எழும். தளர்ந்துவிட்டால் பிடித்துத் திரும்பும். அங்கே எடுத்த ஐந்து விக்கெட்டையும் சங்கர் நகர் புல்தரையில் எடுத்த ஐந்து விக்கெட்டையும் ஒன்றாகக் கூட்டித்தான் இன்று நம் பையன்களைத் தேர்வுக்கு அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
லீக் ஆட்ட ஸ்கோரர் ஒருவர்,
பாளையங்கோட்டை