வளாகத்து மரங்களுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டுக் கவாத்தும் (கிளைகளை வெட்டிச் சீராக்குவது) மரக் கணக்கெடுப்பும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடிந்துவிட்டன. பெயரெல்லாம் போட வேண்டாம் என்று தோட்டப் பணியாளர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி கடப்பாரை பிடித்தவர்களுக்கு. அலுவலகத்தின் முன்னே நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களின் அடிவரை பேவர் பிளாக்கும் அதற்குக் கீழே கான்கிரீட்டும் இருந்தன. தண்டைச் சுற்றி 4 அடிக்கு அத்தனையும் கையாலேயே பெயர்த்தெடுத்தார்கள். ஜேசிபி வைத்தால் அரை நாளில் முடியும்தான். ஆனால் நீரை உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 2 அடிக்குள்ளேயே இருக்கிறது. பக்கெட்டின் பல் ஒரே இழுப்பில் அதை வாரிவிடும். பெயர்த்த இடத்தில் 4 அங்குலம் சருகு மூடாக்கு போட்டிருக்கிறோம். தண்டை ஒட்டி ஒரு சாண் இடம் காலியாக இருப்பது வேண்டுமென்றே விட்டது. சருகு பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஈரம் தங்கி அழுகும், கரையானும் ஏறும். நல்லெண்ணத்தில் அதை நிரப்பிவிட வேண்டாம்.

விடுதிக்குப் புதுக் கேபிள் இழுத்த மின்பணியாளர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். பூவரசு வரிசையை ஒட்டி நேராகத் தோண்டியிருந்தால் அவர்களுக்குக் கேபிளும் மிச்சம், கூலியும் மிச்சம். இருந்தாலும் சுற்றிக்கொண்டு போனார்கள். தண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி வீதம் தள்ளித் தோண்டுவது கணக்கு. 15 அங்குல மரத்துக்கு 15 அடி. காற்று வீசும் பக்கத்து வேர்தான் மரத்தை இழுத்துப் பிடிக்கிறது. அதை அறுத்தால் மறுபக்கம் சாய்வதற்கு ஒரு பலத்த காற்று போதும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததே, அதற்குக் காற்றை மட்டும் குறை சொல்ல முடியாது. சாலையோரத்தில் வேரறுபட்டு நின்றவையும் உண்டு, ஒரு பக்கமே கிளை வெட்டப்பட்டுப் பாரம் மாறி நின்றவையும் உண்டு.

கவாத்துக்கு ஏறியவர்களின் கை தேர்ந்த கை. கனத்த கிளையைத் தண்டை ஒட்டி ஒரே வெட்டாக வெட்டினால், பாதி அறுபடும்போதே முறிந்து, தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். இவர்கள் மூன்று வெட்டாக அறுத்தார்கள். தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். அதற்கு 2 அங்குலம் வெளியே மேலிருந்து முழுவதும். பிறகு மிஞ்சிய கட்டை. கிளை சேரும் இடத்தில் மோதிரம் போலப் புடைத்திருக்குமே, கடைசி வெட்டு அதற்கு வெளியேதான் போக வேண்டும். புதுப் பட்டை அங்கிருந்துதான் வளர்ந்து காயத்தை மூடும். சிமென்ட், தார் எதுவும் பூசவில்லை. பூச்சுக்கு உள்ளே ஈரம் தங்கினால் மரம் உள்ளுக்குள் மக்கும். மொட்டையடிக்கச் சொல்லி வந்த யோசனைகளுக்கு அவர்கள் சிரித்ததோடு சரி. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிமானம் இருக்காது.

நூலகத்துக்குப் பின்னால் மாமரங்களில் பிடித்திருந்த புல்லுருவி என்ற ஒட்டுண்ணிச் செடியையும் அவர்களே எடுத்தார்கள். அதை மட்டும் பிடுங்கிப் பயனில்லை. கிளைக்குள் போன வேர்ப்பகுதி மறுபடி துளிர்க்கும் என்பதால், ஒட்டிய இடத்துக்கு ஓரடி கீழே கிளையோடு அறுக்க வேண்டும், அதுவும் பழம் வருமுன். பழம் தின்ற பூக்கொத்திக் குருவி பிசுபிசுப்பான விதையை அடுத்த கிளையில் தேய்த்துவிட்டுப் போய்விடும்.

கணக்கெடுத்த நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்தில் அளந்தார்கள். அலுமினிய அடையாளத் தகட்டை ஆணியின் தலைப்பக்கம் ஓர் அங்குலம் வெளியே நிற்கும்படி அடித்தார்கள். முழுக்க அறைந்தால் மரம் பருக்கப் பருக்கத் தகட்டைப் பட்டை விழுங்கிவிடும். பூ இல்லாத காலத்தில் மயில்கொன்றையையும் (குல்மோஹர்) இயல்வாகையையும் குழப்பிக்கொள்வது சகஜம். இவர்கள் காயைப் பார்த்துப் பிரித்தார்கள்: முன்னதுக்கு ஒன்றரை அடிக்கு மேலும் நீளும், மரம்போல் கெட்டியான நெற்று, பின்னதுக்கு நான்கு அங்குலத் தட்டைக் காய், துளிரில் துருநிற மென்மயிர். பதிவேட்டில் பழைய பெயர்கள் சில மாறியிருப்பது இதனால்தான்.

உடன் நின்ற வேதியியல், வணிகவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் மரங்களை நட்டு வளர்த்த எட்வர்ட் பார்ன்ஸும் வேதியியல் பேராசிரியர்தான். நீங்கள் துறை மாறி வந்துவிட்டதாக யாரும் நினைக்கவில்லை.

துப்புரவுப் பணியாளர்கள் சருகைக் கொளுத்துவதை நிறுத்தி, பிளாஸ்டிக்கைப் பிரித்துத் தருகிறார்கள். விடுதிச் சமையலறை காய்கறிக் கழிவைத் தருகிறது. மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சைக் கழிவு, மேலே சாணிக் கரைசல், 15 நாளுக்கு ஒரு புரட்டல். தூங்குமூஞ்சி இலை சீக்கிரம் மக்கும்; மாவிலை இழுத்தடிக்கும். சோறும் குழம்பும் மட்டும் தயவுசெய்து வேண்டாம், எலி வருகிறது.

இலுப்பை, மகிழம், புன்னைக் கன்றுகளை இலவசமாகத் தந்த நாற்றுப்பண்ணைக்காரர், பைக்குள் வேர் சுருண்ட கன்றுகளைத் தாமே ஒதுக்கி வைத்துவிட்டார். சுருண்ட வேர் மண்ணில் இறங்கிய பிறகும் சுற்றிக்கொண்டேதான் போகும்; பல ஆண்டு கழித்துத் தன் தண்டையே நெரிக்கும். 3 அடிக் குழிகள் தயாராக இருக்கின்றன. மேல்மண் தனியே குவித்திருக்கிறது. அதை யாரும் தொட்டிச் செடிக்கு அள்ள வேண்டாம்.

நாகலிங்க மரத்தடி பெஞ்சையும் இருசக்கர வாகனங்களையும் நகர்த்திக் கொடுத்த வாட்ச்மேன்களுக்கும் நன்றி. ஏழெட்டு அங்குல விட்டமுள்ள காய் தலைக்கு மேல் தொங்கும் இடத்தில் உட்கார வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் மாணவர்கள் கேட்கிறார்கள், நாங்கள் சொன்னால் கேட்பதில்லை.

மரப் பதிவேடு நூலக மேசையில் இருக்கிறது, யாரும் புரட்டலாம்.

அன்புடன்,
வளாகத் தோட்டம் மற்றும் மரப் பராமரிப்புக் குழு