பிணையை எதிர்க்கும் அரசு சாட்சியையும் கொண்டுவர வேண்டும்

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களில் கஞ்சா வழக்கில் சிறைப்பட்டவர்களின் குடும்பத்தாருக்கு மனு எழுதிக் கொடுத்துவருபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். கஞ்சா விற்பவருக்காகப் பரிந்து பேசுவது என் நோக்கமன்று. எங்கள் தெருப் பிள்ளைகளையும் அது கெடுத்திருக்கிறது.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி, கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் அது வணிக அளவு. குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. அத்தகைய வழக்கில், கைதானவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் உண்டென்றும், வெளியே வந்தால் மீண்டும் குற்றம் செய்யமாட்டார் என்றும் நீதிமன்றம் மனநிறைவு கொண்டாலன்றிப் பிணை இல்லை என்கிறது 37ஆம் பிரிவு. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே 180 நாள் அவகாசம்; அரசு வழக்கறிஞர் காரணம் காட்டிக் கேட்டால் அது ஓராண்டு வரை நீளலாம். இவ்வளவு கடுமையான கதவை வைத்த சட்டம், விசாரணை விரைந்து நடக்கும் என்று நம்பித்தான் தனி நீதிமன்றங்களுக்கும் வழி செய்தது.

நடப்பது வேறு. இவ்வழக்குகளில் சாட்சிகள் பெரும்பாலும் பொதுமக்கள் அல்லர். சரக்கைப் பிடித்த அதிகாரி, உடன்சென்ற காவலர்கள், புலனாய்வு அதிகாரி ஆகியோரே. ஒருவர் மாறுதலில் போயிருப்பார், இன்னொருவர் பந்தோபஸ்துப் பணியில் இருப்பார், வழக்குக்கு மறுபடி வாய்தா விழும். காவல்துறை, அரசுத் தரப்பு வழக்கு நடத்தும் துறை, தடய அறிவியல் துறை, சிறைத்துறை நான்கும் தங்கள் துறையின் கீழேயே இருக்கின்றன. சாட்சியை அனுப்பாத அதே அரசு, பிணை மனு வரும்போது 37ஆம் பிரிவைக் காட்டி எதிர்க்கிறது. நாள் கணக்கில் வட்டி எழுதிப் பழகிய எங்கள் ஊரில், ஒருவர் சிறையில் இழந்த நாள்கள் மட்டும் எவர் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

விரைவான விசாரணை அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கிய உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1979இலேயே உசைனாரா காத்தூன் வழக்கில் கூறிவிட்டது. போதைப்பொருள் வழக்குகளில் தேங்கிக் கிடந்த விசாரணைக் கைதிகளுள், குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு உடையவர்கள் 5 ஆண்டு உள்ளிருந்தால் பிணையில் விடலாம் என 1994இல் வழிகாட்டியது. 7 ஆண்டுக்கு மேல் உள்ளிருந்த ஒருவருக்கு 2023இல் பிணை அளித்தபோது, அளவு மீறிய தாமதத்துக்காகப் பிணை வழங்க 37ஆம் பிரிவு தடையாகாது என்றது. ஆனால் இத்தீர்ப்புகளின் பயனைப் பெற உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும் டெல்லியிலுள்ள உச்ச நீதிமன்றத்துக்கும் வழக்கறிஞர் வைக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு மதுரைச் சிறையில் மகனைப் பார்த்துவரும் பேருந்துக் கட்டணமே பாரம்.

ஆகவே, பிணையை எதிர்த்துத் தாக்கல் செய்யும் ஒவ்வொரு பதில் மனுவிலும், கைதி உள்ளிருந்த நாள்களையும், விசாரிக்கப்பட்ட சாட்சிகள் எத்தனை பேர் என்பதையும், ஒவ்வொரு வாய்தாவும் யாரால் விழுந்தது என்பதையும் அரசு வழக்கறிஞர்கள் குறிப்பிட வேண்டுமென ஆணையிடுங்கள். மாறுதலில் சென்ற அதிகாரிகளைக் காணொலி வழியே சாட்சியம் சொல்ல வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. தாமதம் கைதியால் நேராத நிலையில் 5 ஆண்டு உள்ளிருந்தவரின் பிணை மனுவை எதிர்க்க வேண்டாம். அப்படிப்பட்டவர்களின் பட்டியலைச் சிறைப் பதிவேடுகளிலிருந்து எடுத்து, அந்தந்த மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மாதந்தோறும் அனுப்பச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடிவாசி ஒருவன்