வராத கடலுக்கும் சேர்த்து ஒரு நன்றி

மில்டன் சூறாவளியைக் கண்காணித்து எங்களை எச்சரித்த அனைவருக்கும் வணக்கம்.

2024 அக்டோபர் 9 இரவு மில்டன் ஃபுளோரிடாவின் மேற்குக் கரையைக் கடந்தபோது, தாம்பா விரிகுடாவை ஒட்டி வாழும் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் கரையை விட்டு அகன்று பாதுகாப்பாக இருந்தன. அதற்குக் காரணமானவர்களுக்குப் பொதுவில் நன்றி கூறவே இம்மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி மயாமியிலுள்ள தேசியச் சூறாவளி மையத்துக்கு உரியது. அக்டோபர் 5 அன்று மெக்சிகோ வளைகுடாவில் பெயர் பெற்ற புயல், 7ஆம் தேதியே சூறாவளிகளின் உச்ச நிலையான ஐந்தாம் நிலையை எட்டிவிட்டது. அதிகாலை 5, முற்பகல் 11, மாலை 5, இரவு 11 என வந்த ஒவ்வொரு முழு அறிக்கையோடும், தாங்கள் ஏன் இவ்வாறு கணிக்கிறோம், எங்கே ஐயம் எஞ்சியிருக்கிறது என்பதையும் கணிப்பாளர்கள் விளக்கி எழுதினார்கள். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று மட்டுமே கேட்டு வளர்ந்த எங்களுக்கு, அந்த விளக்கமே பெரிய துணையாயிற்று.

அக்கணிப்புகளுக்கு வேண்டிய அளவீடுகளைப் புயலுக்குள்ளேயே பறந்து திரட்டியவர்கள், மிசிசிப்பியின் கீஸ்லர் தளத்து விமானப்படை ரிசர்வ் வீரர்களும், எங்கள் பக்கத்து ஊரான லேக்லேண்டிலிருந்து புறப்படும் நோவா (அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனம்) விமானக் குழுவினரும் ஆவர். அவர்கள் வீசும் டிராப்சோண்ட் கருவி, கடலில் விழும்வரை காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகியவற்றை அனுப்பிக்கொண்டே இறங்குகிறது. 386 முறை புயற்கண்களைக் கடந்து பறந்து, 2023இல் மறைந்த ரேடார் அறிஞர் பீட்டர் டாட்ஜின் அஸ்தியை, அக்டோபர் 8 அன்று மில்டனின் கண்ணுக்குள் அவருடைய தோழர்கள் தூவினார்கள். அவருக்கும் எங்கள் நன்றி.

புயல் ஓய்ந்தபின், "கடல் வரவே இல்லையே, வீணாகப் பயமுறுத்தினார்கள்" என்ற முணுமுணுப்பு எங்கள் தெருக்களிலேயே எழுந்தது. அதை நாங்கள் ஏற்கவில்லை. புயலின் மையம் எங்களுக்குத் தெற்கே, சரசோட்டாவை அடுத்த சியஸ்டா கீயில் கரையேறியதால், இடஞ்சுழியாகச் சுழலும் காற்று எங்கள் பக்கம் நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசி விரிகுடாவின் நீரை வெளியே தள்ளியது. மையத்துக்குத் தெற்கே இருந்த ஊர்களிலோ அதே காற்று கடலைக் கரைக்குள் ஏற்றிவிட்டது. பாதை சில பத்து மைல் வடக்கே விலகியிருந்தால் அந்நீர் எங்கள் வீடுகளுக்குள் வந்திருக்கும். அத்தனை நுணுக்கமாக முன்கூட்டிச் சொல்ல இன்றைய கணிப்பால் இயலாது. இரண்டு வாரம் முன்பு ஹெலீன் சூறாவளி எங்களுக்கு வெகு வடக்கே கரையைக் கடந்தும், விரிகுடாக் கரையோர வீடுகளில் கடல்நீர் புகுந்ததை அதற்குள் மறப்பது முறையன்று. மேலும், கடல் வராத செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலேயே 18 அங்குலத்துக்கும் மேல் மழை கொட்டியது.

ஹெலீன் தெருவோரம் விட்டுச்சென்ற இடிபாடுகள் மில்டனின் காற்றில் பறந்து உயிர் பறிக்காதிருக்க, இரவு பகலாக அள்ளிச் சென்ற லாரி ஓட்டுநர்களுக்கும், பள்ளிகளில் அமைந்த முகாம்களில் பணியாற்றியோருக்கும், வெளி மாநிலங்களிலிருந்து வந்து மின்கம்பிகளைச் சீர்செய்த தொழிலாளர்களுக்கும், அறிமுகமே இல்லாத எங்களுக்கு வீட்டில் இடமளித்த நண்பர்களுக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி.

இம்மடலின் ஆங்கிலப் படியை மயாமி மையத்துக்கும், எங்கள் பகுதிக்கான ரஸ்கின் வானிலை அலுவலகத்துக்கும் அனுப்பவிருக்கிறோம். கையொப்பமிட விரும்பும் குடும்பங்கள், சூறாவளிப் பருவம் முடியும் நவம்பர் 30க்குள் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தாம்பா விரிகுடாப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சிலர்