மூன்று நூல் குறைகிறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான். இந்த வருஷம் ஜூன் 12-லேயே மேட்டூர் திறந்துவிட்டார்கள், ஆடிப்பெருக்குக்குப் படித்துறை முழுகத் தண்ணீர். சித்தி வந்திருந்தாள். நீ ஏன் வரவில்லை என்று கேட்டாள், லீவு இல்லை என்று சொல்லிவிட்டேன். லீவு இல்லைதானே?

போனில் பேசலாம்தான். ஆனால் உன் போன் வந்தால் அப்பா உடனே ஸ்பீக்கரில் போடு என்கிறார். தையல் விஷயம் பேசினால் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். தையலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், வேறொன்றும் இல்லை.

நீ அனுப்பிய பேட்ச்வொர்க் போட்டோவுக்கு 'சூப்பர்' என்று போட்டேனே, அது பாதி பொய். ஏதாவது குறை சொல்லியிருந்தாலாவது நீ மூன்று வாரமாகப் பேசாமல் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். இப்போது சொல்லிவிடுகிறேன். துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரம், அதான் உன் பிளாக், ஆறரை இஞ்சு வரவேண்டியது ஆறும் ஒரு நூலும்தான் வருகிறது என்று எழுதியிருந்தாய். இஞ்சுக்கு எட்டு நூல் கணக்கில் மூன்று நூல் குறைகிறது. ஒரு வரிசைக்கு நாலு துண்டு, மூன்று தையல். தையலுக்கு ஒரு நூல் போகிறது, அதாவது ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் அரை அரை நூல் கூடப் பிடித்திருக்கிறாய். அரை நூல்தானே என்று நினைக்காதே, அதுதான் கூடிக் கூடி மூன்றாகிறது. இன்ஜினியரிங் படித்தவளுக்குக் கூட்டல் நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

பிளவுஸில் இப்படி இல்லை. பக்கவாட்டில் ஒன்றரை இஞ்சு உள்ளே விட்டுத் தைக்கிறோம். உடம்பு போட்டால் பிரித்துவிடலாம், இளைத்தால் பிடித்துவிடலாம். தாத்தா தேரில் தொங்கவிடும் துணித் தொம்பை தைத்தபோதும் பயமில்லை. யாளி உருவத்தைத் துணியில் வெட்டி மேலே வைத்து ஓரத்தில் கயிறு ஓட்டிவிட்டால் கோணல் எல்லாம் கயிற்றுக்கு அடியில் போய்விடும். உன் பேட்ச்வொர்க்கில் மறைக்க இடமே இல்லை. இரண்டு நூல்தான் உள்ளே. அதிலும் முழு இரண்டு நூல் பிடிக்கக் கூடாது, ஒரு நூலிழை குறைத்துப் பிடிக்க வேண்டும். நம் அளவு நூல் இல்லை, நிஜ நூலின் கனம். தையலை மடித்து இஸ்திரி போடும்போது அந்த மடிப்பு கொஞ்சம் துணியைத் தின்றுவிடும்.

உன் மெஷின் எவ்வளவு பிடிக்கிறது என்று முதலில் பார். ஒன்றரை இஞ்சு அகலத்தில் மூன்று பட்டை வெட்டு. பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு, டேப் வை. மொத்தம் மூன்றரை வர வேண்டும், நடுப் பட்டை சரியாக ஒரு இஞ்சு தெரிய வேண்டும். குறைந்தால் கூடப் பிடிக்கிறாய். சரியாக வந்த இடத்தில் ஊசிக்கு வலது பக்கம் மெஷின் பலகையில் நாலைந்து அடுக்கு டேப் ஒட்டிவிடு. துணி அதில் உரசிக்கொண்டே போகட்டும். ஊசியைப் பார்க்காதே, ஓரத்தைப் பார். ஊசியைப் பார்த்தால் கை கோணும், சின்ன வயசிலேயே உனக்கு அந்தப் பழக்கம்.

ஆன்லைனில் வாங்கிய மெஷின் என்றால் ஜிக்ஜாக்குக்காக ஊசித் துளை அகலமாக இருக்கும், சின்னத் துண்டின் மூலையை உள்ளே இழுத்துவிடும். வேண்டாத ஒரு துணியில் இரண்டு தையல் ஓட்டிவிட்டு, அதை வெட்டாமலே அதன் வாலில் உன் துண்டைச் சேர்த்து ஓட்டு. தையல் பொடியாக இருக்கட்டும், இரண்டு மில்லிமீட்டர் போதும். நூல் சன்னமாக இருக்கட்டும்.

அப்புறம் கஞ்சி. வெட்டுவதற்கு முன்னால் போட வேண்டும், வெட்டிய பிறகு இல்லை. வடிகஞ்சியை இரண்டு பங்கு தண்ணீர் விட்டு வடிகட்டி, நனைத்து, நிழலில் காயவை. லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் துணி காகிதம் மாதிரி நிற்கும். முக்கோணம் வெட்டும்போது குறுக்குவெட்டு ஓரம் ரப்பர் மாதிரி இழுபடுமே, அதுவும் அடங்கும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காதே, வைத்து எடு. முழுக்கத் தைத்து முடித்ததும் ஒரு தடவை அலசிவிடு, கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சி வரும்.

ஒன்பது இடத்தில் நாலு மூலை சந்திக்கிறது. எண்ணிப் பார்த்தேன், ஐந்து இடம் கச்சிதம். முதல் பிளாக்கிலேயே ஐந்து. நான் தொழிலுக்கு வந்த வருஷம் தைத்ததை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். மீதி நாலும் வர, ஒரு வரிசையின் தையலை வலது பக்கம் மடி, அடுத்த வரிசையை இடது பக்கம். இரண்டையும் சேர்த்துப் பிடித்து விரலால் தடவினால் மேடும் மேடும் ஒன்றையொன்று கவ்விக்கொள்வது தெரியும். தெரியாத வரைக்கும் தைக்காதே.

துணி விஷயம் ஒன்று. அந்த நீலக் கட்டம் போட்ட துணி மிக்ஸிங், பாலியஸ்டர் கலந்தது. பருத்தியோடு சேர்த்துத் தைத்தால் அது மடிப்பு நிற்காது, வழுக்கும். பல வருஷம் தோய்த்த துணி இனிச் சுருங்காது, புதுப் பருத்தி முதல் தண்ணீரிலேயே சுருங்கும். எல்லாவற்றையும் நனைத்துவிட்டு வெட்டு.

அது மிக்ஸிங் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கமாட்டாய். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ் வரிசையில் இரண்டாவது துண்டில் பாதி வெளிறி, பாதி பழைய நிறமாக இருக்கிறது. நடுவில் ஊசித் துளை வரிசையாகப் போய் மூலையில் முக்கோணமாகத் திரும்புகிறது. பாக்கெட் மூலையை முக்கோணம் போட்டு நிறுத்துவது என் வழக்கம். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு நான் தைத்த சட்டை அது.

பழசாகியிருக்கும். கிழிந்திருக்கும். அவரே எடுத்துக்கொள் என்று கொடுத்திருப்பார். சட்டைத் துணி பேட்ச்வொர்க்குக்கு நல்லதுதான், நான் ஒன்றும் சொல்லவில்லை. பாக்கெட்டைப் பிரித்த விதம் மட்டும் பார்த்தேன். ஒரு இழை கூடக் கிழியாமல் பொறுமையாகப் பிரித்திருக்கிறாய். எத்தனை மணிக்கு உட்கார்ந்து பிரித்தாய்? போட்டோ வந்தபோது இரவு 2 மணி 10 நிமிஷம்.

கஞ்சி வெட்டுவதற்கு முன்னால், மறந்துவிடாதே. இரண்டு நூலுக்கு ஒரு இழை குறைவு.

அதே பிளாக்கில் கத்திரிப்பூ கலர் பட்டு ஒன்று இருக்கிறது. திருபுவனம் பட்டு, அதற்கு அடியில் மெல்லிசாக ஒட்டுக் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டால்தான் நகராது. அது எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். கல்யாணமான மூன்றாம் மாதம் சொல்லாமல் கொள்ளாமல் பையோடு வந்து வாசலில் நின்றாயே, அன்றைக்கு நான் வெட்டிக்கொண்டிருந்தது. முகூர்த்தத்துக்குப் பதினொரு பிளவுஸ், மறுநாள் கொடுக்க வேண்டும். உன்னைப் பார்த்ததும் நான் மெஷினை நிறுத்தவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று கேட்டேன். நீ பதில் சொல்லாமல் என் காலடியில் உட்கார்ந்து வெட்டுத்துணியை எல்லாம் கலர் கலராகப் பிரித்து அடுக்கினாய். ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் அடுக்கினாய். நான் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயமாக இருந்தது. சொல்லிவிட்டால் அப்புறம் உன்னைத் திருப்பி அனுப்ப முடியாதே. அதனால் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் சாயங்காலம் கும்பகோணத்தில் மைசூர் வண்டியில் ஏற்றிவிட்டு, புளியோதரைப் பொட்டலத்தைக் கொடுத்து, அனுசரித்துப் போம்மா என்றேன். வெட்டுத்துணி மூட்டையை நீ எடுத்துப்போனதை நான் வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். பட்டு வீணாகப் போகிறதே என்று உன்னைத் திட்டக்கூட செய்தேன்.

இத்தனை வருஷம் அதை வைத்திருந்தாய் என்று போட்டோவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நான் அனுசரி என்று சொன்னது தப்பு. அப்பா சொல்லச் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

சரி. பார்சலில் சன்ன நூல் நாலு கண்டு வைத்திருக்கிறேன், வெள்ளை இரண்டு, சாம்பல் இரண்டு. எந்தக் கலர் துணிக்கும் சாம்பல் ஒத்துப்போகும். அண்ணன் வாங்கிய ஸ்டீல் ஸ்கேலும் இருக்கிறது. ஒரு பிளாக்கை ஆரம்பித்தால் முடிகிற வரைக்கும் ஒரே ஸ்கேலில்தான் அளக்க வேண்டும், மாற்றாதே.

மாடி அறையில் உன் பீரோவைக் காலி செய்துவிட்டேன். ஜன்னல் பக்கம் மெஷின் போட இடம் விட்டிருக்கிறேன், காலையில் நல்ல வெளிச்சம் வரும். எதற்கு என்று அப்பா கேட்டார். கரையான் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா