எட்டு நிமிடக் கணக்கு

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. கார்த்திக்குப் புனேயில் வேலை கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படிதான் இன்னும் ஆகவில்லை. என்னிடம் பிஎச்.டி செய்யும் பெண் ஒருவழியாக ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். அதனால் உன் கேள்விக்கு நிதானமாகவே எழுதுகிறேன்.

உங்கள் ஆஸ்பத்திரி ஓபிக்கு வருகிறவர்கள் அரை மணிக்கு மேல் காத்திருக்கக்கூடாது என்று டார்கெட் வைத்து, அதை டாக்டர்களின் இன்சென்டிவோடு சேர்க்கப்போகிறார் சேர்மன், சரியா? இதில் ஊகிக்க ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் அரசு மருத்துவத் துறை இதைத் தேசம் முழுக்கச் செய்து பார்த்திருக்கிறது. 2001 முதல் சில ஆண்டுகள் மருத்துவமனைகளுக்குப் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை நட்சத்திரம் கொடுத்தார்கள். காத்திருப்பு நேரம்தான் அதில் முக்கியமான அளவுகோல். பூஜ்யம் வாங்கினால் தலைமை நிர்வாகியின் நாற்காலிக்கே ஆபத்து. க்வின் பெவன், கிறிஸ்டோபர் ஹூட் இருவரும் 2006இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையைத்தான் நான் வருஷா வருஷம் வகுப்பில் எடுக்கிறேன்.

அதில் எனக்குப் பிடித்தது ஆம்புலன்ஸ் கதை. உயிருக்கு ஆபத்தான அழைப்புகளில் 75 சதவீதத்துக்காவது எட்டு நிமிடத்துக்குள் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது அப்போதைய விதி. வண்டி போய்ச் சேர்ந்த நேரங்களை வரைபடமாகப் போட்டால் அது சீராக ஏறி இறங்க வேண்டும். சில ஆம்புலன்ஸ் அமைப்புகளின் படத்தில் எட்டாவது நிமிடத்தில் ஒரு கோபுரம் நின்றது, அதற்கு அடுத்து அதலபாதாளம். மூன்றில் ஒரு பங்கு அமைப்புகள் நேரத்தைத் திருத்தி எழுதியிருந்தன. கடிகாரத்தை எப்போது ஓடவிடுவது என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு. எது உயிர் ஆபத்து என்பதில் இன்னும் மோசம்: ஓரிடத்தில் மொத்த அழைப்புகளில் பத்து சதவீதத்துக்கும் குறைவு, இன்னோரிடத்தில் பாதிக்கு மேல். சதவீதத்தை மட்டும் பார்த்த அமைச்சகத்துக்கு எல்லாம் ஜோராக இருப்பதாகவே தெரிந்திருக்கும்.

உனக்கு நேரடியாகப் பொருந்துவது இன்னொன்று. ஒரு பெரிய மருத்துவமனையின் கண் பிரிவில் புது நோயாளிகளுக்குத்தான் டார்கெட், ரிவ்யூவுக்கு வருகிறவர்களுக்கு இல்லை. அதனால் ரிவ்யூ தேதிகளை ரத்து செய்து, தள்ளிப்போட்டு, டார்கெட்டைப் பிடித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் 25 பேருக்குப் பார்வை போனது. உண்மையான எண்ணிக்கை அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும் என்றார்கள். உங்கள் சர்க்கரை நோய்க் கிளினிக்கை நினைத்துப் பார்.

இதை வைத்து டார்கெட்டே வேண்டாம் என்று சேர்மனிடம் சண்டைக்குப் போய்விடாதே. அந்த முறையைத் திட்டுகிறவர்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் இவ்வளவு கெடுபிடி இல்லை. கரோல் ப்ராப்பரும் கூட்டாளிகளும் இரண்டையும் ஒப்பிட்டு 2008இல் எழுதினார்கள்: அறுவை சிகிச்சைக்கான காத்திருப்பு இங்கிலாந்தில்தான் உண்மையாகவே குறைந்தது. ஏமாற்றும் நடந்தது, வேலையும் நடந்தது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான், செயல்பாட்டை அளப்பதை ஆராயும் எங்கள் துறையில் கஷ்டமான வேலை. அளவீடுகள் கோணலாகப் போகும் என்று ரிட்ஜ்வே என்ற ஆய்வாளர் 1956லேயே எழுதிவிட்டார். அதையே புதுப் பெயர்களில் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து நாங்கள் பதவி உயர்வு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் நிர்வாக கன்சல்டன்ட் எப்படியும் கப்லனும் நார்ட்டனும் 1992இல் கொண்டுவந்த பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டை, அதாவது பணக் கணக்கோடு மற்ற அளவீடுகளையும் சேர்த்துப் பார்க்கும் பட்டியலை, விரிப்பார். கெட்ட சரக்கில்லை. ஆனால் ஒன்று கேள்: இந்த எண் ஏறினால் நோயாளிக்கு நல்லது என்று எங்கே சோதித்தீர்கள்? இட்னர், லார்க்கர் இருவரும் 2003இல் 157 நிறுவனங்களை ஆராய்ந்தபோது, அப்படித் தொடர்ந்து சோதித்தவை கால்வாசிகூட இல்லை.

உன் நிலையில் நானாக இருந்தால் முதல் வருஷம் பணத்தோடு சேர்க்க விடமாட்டேன். டோக்கன் கொடுத்த நேரத்தை டாக்டரின் ஆட்கள் எழுதக்கூடாது, மெஷின் பதியட்டும். மாதாமாதம் சராசரியைக் கேட்காதே, எல்லா நேரங்களையும் படமாகப் போடச் சொல். முப்பதாவது நிமிடத்தில் கோபுரம் எழுந்தால் உடனே தெரிந்துவிடும். ரிவ்யூ கணக்கைத் தனியாக வை. சேர்மன் கேட்கிற ஆளா என்று உனக்குத்தான் தெரியும்.

தீபாவளிக்கு மதுரை வருகிறேன். கடந்த மூன்று மாத ஓபி பதிவுகளை எடுத்து வை, உட்கார்ந்து பார்க்கலாம். அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சுகந்தி